தேங்க ஓர் இடம்

செப்டம்பர் கடைசியில் ஒரு காலை எங்கள் தெருவில் வடிகால் மூடிகளைத் திறந்தார்கள். இரண்டு பேர் கடப்பாரையால் நெம்பிச் சிலாப்பைத் தூக்க, மூன்றாமவர் நீளப் பிடி போட்ட மண்வெட்டியை உள்ளே விட்டு அள்ளி அள்ளி ஓரத்தில் குவித்தார். பால் வாங்கப் போன நான் நின்று பார்த்தேன். மேலாக டீக்கடைக் கப்புகள், சிப்ஸ் உறைகள், தேங்காய் நார். அதற்கடியில் எம்-சாண்ட், இரண்டு வீடு தள்ளி மாடி எடுத்தபோது தெருவோரம் கொட்டிவைத்திருந்த அதே மணல். அதற்கும் அடியில் மை போலக் கறுத்த குழம்பு, எண்ணெய் மினுக்கம், மூக்கைப் பொத்தவைக்கும் வாடை. மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மழைநீர் வடிகால் என்று பெயர் கொண்ட அந்தக் கால்வாயில் அப்போதும் ஓர் அங்குலத்துக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

தமிழில் 'வடி' என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது. வடிகால் நீரை வெளியேற்றுகிறது; வடிகட்டி நீரைத் தெளியவைக்கிறது. நம் நகரங்கள் முதல் வேலையை எடுத்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டுவிட்டன. 'தேக்கம்' என்ற சொல்லும் அப்படித்தான். செம்பரம்பாக்கம் ஏரியில் தேங்கினால் குடிநீர். தெருவில் தேங்கினால் மாநகராட்சிக்குப் புகார். எவ்வளவை வடிப்பது, எங்கே தேக்குவது, போகிற வழியிலேயே எப்படி வடிகட்டுவது: நகரத்து மழைநீர் பற்றி உலகம் நாற்பது, ஐம்பது ஆண்டுகளாக நடத்திவரும் விவாதம் இதைச் சுற்றித்தான் இருக்கிறது. சென்னையை நடுவில் வைத்து அதைப் பார்க்கலாம்.

முதலில் அளவு. ஒரு கிரவுண்ட் மனை 2,400 சதுர அடி, ஏறத்தாழ 223 சதுர மீட்டர். அதன்மேல் 10 செ.மீ. மழை பெய்தால் 22,300 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஏறக்குறைய இரண்டு லோடு. ஐம்பது வீடுகள் உள்ள தெருவில் ஒரே நாளில் நூறு லாரிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் வந்து இறங்குகிறது, சாலையில் விழுவதைச் சேர்க்காமலேயே. 2015 டிசம்பர் 1-2இல் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் பெய்தது 49 செ.மீ. மேலே போட்ட கணக்கை ஐந்தால் பெருக்கிக்கொள்ளலாம்.

விழுந்த தண்ணீரில் எவ்வளவு ஓடும் என்பதைக் கணிக்கப் பொறியாளர்கள் இன்றும் பயன்படுத்தும் சூத்திரத்துக்கு வயது 170க்கு மேல். அயர்லாந்துக்காரரான தாமஸ் மல்வனி 1851இல் சொன்னது: பரப்பு, மழையின் வேகம், ஓட்டக் குணகம் மூன்றையும் பெருக்கினால் உச்ச நீரோட்டம் கிடைக்கும். மூன்றாவதைத்தான் கவனிக்க வேண்டும். மொட்டை மாடிக்கும் தார்ச்சாலைக்கும் அது 0.9ஐ ஒட்டி இருக்கும். புல் முளைத்த மணற்பாங்கான நிலத்துக்கு 0.1 அல்லது 0.2. அதாவது ஒரு தோட்டத்தை அழித்துப் பேவர் பிளாக் போட்டால், மழை கூடாமலேயே வெள்ளம் பல மடங்கு கூடிவிடுகிறது. வழவழப்பான கான்கிரீட் வடிகால் அந்த நீரை முன்பைவிட வேகமாகக் கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பதால், எல்லாத் தெருக்களின் உச்சமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் மோதுகிறது. மேட்டுத் தெருக்காரரின் நிம்மதி பள்ளத் தெருக்காரரின் தலையில் விடிகிறது. உலகின் பெரும்பாலான நகரங்களில் தெரு வடிகாலை 2 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழைக்குத்தான் கட்டுகிறார்கள். அதற்கு மேற்பட்ட மழைக்குக் கட்டினால் செலவு கட்டுப்படியாகாது. ஆகவே, பெருமழையில் வடிகால் நிரம்பி வழிவது பெரும்பாலும் கணக்கிலேயே உள்ளது. வழிந்த நீர் எங்கே போக வேண்டும் என்று யாராவது முன்கூட்டி யோசித்தார்களா என்பதுதான் கேட்க வேண்டியது.

சென்னையில் ஒரு காலத்தில் யோசித்திருந்தார்கள், வேறொரு காரணத்துக்காக. செங்கல்பட்டுப் பகுதிக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழிந்து கீழ் ஏரிக்கு. அது நிரம்பினால் அடுத்ததற்கு. பாசனத்துக்காக வெட்டியவைதான் அவை, வெள்ளத் தடுப்புக்காக அல்ல. ஆனாலும் தட்டையான நிலத்தில், ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ.யில் பாதிக்கு மேல் மூன்றே மாதத்தில் கொட்டும் ஊரில், நீரை நிறுத்தி நிதானமாக அனுப்பும் வேலையையும் அவையே பார்த்தன. மாம்பலம் பக்கத்து நீண்ட ஏரியை வற்றவைத்துத்தான் 1920களில் தியாகராய நகர் எழுந்தது. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். மாம்பலத்தில் தண்ணீர் நின்றால் இன்றும் எல்லோரும் மாம்பலம் கால்வாயைத்தான் திட்டுகிறார்கள். காணாமல்போன ஏரியின் வேலையையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னால் பாவம் அது என்ன செய்யும்?

தெற்கே இன்னும் பெரிய கதை. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ஒரு காலத்தில் 50 சதுர கி.மீ.க்கும் மேல் பரந்திருந்தது. இன்று எஞ்சியிருப்பது அதில் ஒரு சிறு பங்கு. குப்பைமேடு ஒரு பக்கம், ஐ.டி. கட்டடங்கள் மறுபக்கம். 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்தது. சுமார் 250 சதுர கி.மீ. பரப்பில் பெய்யும் மழை இங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு என்ற ஒற்றை வாய் வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், அங்கிருந்து கோவளம் முகத்துவாரத்தைத் தேடிப் போக வேண்டும். ஆறுகளின் கதியும் சொல்லும்படி இல்லை. துறைமுகம் கட்டியபின் கரையோர மணல் நகர்வு தடைப்பட்டு, அதற்குத் தெற்கே கடற்கரை வளர்ந்தது. மெரினா அகன்றதற்குக் காரணம் அதுதான். கூவத்தின் வாயை மணல் திட்டு அடைப்பதற்கும் அதுவே காரணம். பக்கிங்காம் கால்வாயின் நடுவில் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன.

2015 வெள்ளத்தை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று சிஏஜி அறிக்கை சொன்னது. 2021 நவம்பரில் மீண்டும் நகரம் மூழ்கியபின், ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு அமைந்தது. அதன்பின் நகரமெங்கும் வடிகால் பணி. கொசஸ்தலையாறு வடிநிலத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கியின் 25.1 கோடி டாலர் கடன், கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மன் வளர்ச்சி வங்கி, அடையாறு-கூவம் பகுதிக்கு உலக வங்கி. பலன் இல்லாமலில்லை. முன்பெல்லாம் ஒரு வாரம் நின்ற தண்ணீர் இப்போது பல தெருக்களில் சில மணி நேரத்தில் வடிகிறது. தெருவாசியாக நான் அதை மறுக்க மாட்டேன். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தன. வடிந்தது எங்கோ போய்ச் சேர வேண்டுமே. சேர வேண்டிய இடம் ஏற்கெனவே வீடாகியிருந்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இந்த வடிகால் அணுகுமுறை இன்னொரு விதத்தில் இடித்தது. நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் பக்கம் மண் முழுக்க மணல். மழை விழுந்த இடத்திலேயே இறங்கிவிடும். அந்த நன்னீர்தான் கடல்நீரை உள்ளே வராமல் தள்ளிப் பிடிக்கிறது. அங்கேயும் கான்கிரீட் வடிகால் வந்தபோது, 'எங்களுக்கு வேண்டாம்' என்று குடியிருப்போர் எதிர்த்தார்கள்; விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. வடிகால் கேட்டுப் போராடும் ஊரில் வடிகால் வேண்டாமென்று போராட்டம்! கேட்பதற்கு விசித்திரமாக இருந்தாலும், மண்ணின் குணம் தெரிந்தவர்கள் அவர்கள்.

தேக்க இடமில்லாத நகரங்கள் வேறு என்ன செய்தன? பணமுள்ளவை பூமிக்கடியில் போயின. டோக்கியோவுக்கு வடக்கே கசுகாபேயில் 2006இல் முடிந்த சுரங்க வழி 6.3 கி.மீ. நீளம், சிற்றாறுகளின் வெள்ளத்தை ஐந்து பிரம்மாண்டமான கிணறுகளில் வாங்கி, தூண்கள் வரிசைகட்டி நிற்கும் ஒரு நிலத்தடி மண்டபத்தில் சேர்த்து, எடோ ஆற்றில் இறைத்துவிடுகிறது. கோலாலம்பூரின் ஸ்மார்ட் சுரங்கம் 9.7 கி.மீ.; 2007இல் திறக்கப்பட்டது. சாதாரண நாளில் அதன் ஒரு பகுதியில் கார் ஓடும். பெருவெள்ளம் வந்தால் வண்டிகளை வெளியேற்றிவிட்டு முழுக்கத் தண்ணீருக்கு விட்டுவிடுவார்கள். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் சுரங்கம் நீரைச் சுத்தம் செய்வதில்லை, நிலத்துக்குள் இறக்குவதுமில்லை.

கோபன்ஹேகன் மேலேயே இடம் தேடியது. 2011 ஜூலை 2இல் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் 15 செ.மீ. கொட்டியது. மறு ஆண்டு அந்நகரம் ஒரு மேகவெடிப்புத் திட்டம் வகுத்தது: சில தெருக்கள் வேண்டுமென்றே நீர் ஓடும் வாய்க்கால்களாகும், சில பூங்காக்கள் வேண்டுமென்றே குளமாகும். எங்ஹாவே என்ற பூங்காவைச் சுற்றித் தாழ்வான சுவர் எழுப்பி, 22,000 கன மீட்டருக்கு மேல் நீரைத் தாங்கும்படி செய்தார்கள். மற்ற நாளில் பிள்ளைகள் பந்து விளையாடும் இடம் அது. சிங்கப்பூரில் பீஷான் பூங்காவை ஒட்டி நேர்க்கோடாக ஓடிய கான்கிரீட் கால்வாயை உடைத்து, 2012இல் வளைந்து நெளியும் ஆறாக்கினார்கள். மழையில் ஆறு அகன்று புல்வெளியை விழுங்கும், பிறகு திரும்பிப் போகும். சிங்கப்பூரின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு குடிநீருக்கான நீர்ப்பிடிப்பு. தெருவில் ஓடும் மழையைத்தான் அவர்கள் கடைசியில் குடிக்கிறார்கள். ஆகவே தெருவின் சுத்தம் அங்கே குடிநீர்ப் பிரச்சினை.

சீனா இதையே தேசியக் கொள்கையாக்கியது. 2013இல் அறிவிப்பு, 2015இல் 16 முன்னோடி நகரங்கள். ஆண்டு மழையில் 70 சதவீதத்தை நகரமே உறிஞ்ச வேண்டும் என்ற இலக்கு. ஸ்பாஞ்ச் நகரம் என்ற பெயர் உலகெங்கும் பரவியது. 2021 ஜூலை 20இல் ஸெங்ஸௌ நகரில் ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. பெய்தது, சுரங்க ரயிலில் மட்டும் 14 பேர் இறந்தார்கள். ஸ்பாஞ்ச் பணிகளுக்குப் பெரும்பணம் செலவழித்த நகரம் அது. உடனே 'ஸ்பாஞ்ச் தோற்றது' என்று எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊறும் மண்ணும் மழைத் தோட்டமும் வழக்கமான மழைக்கான ஏற்பாடுகள். ஒரு மணி நேரத்தில் 20 செ.மீ. மழைக்கு வெட்டவெளியும் எச்சரிக்கை மணியும் பூட்டிய சுரங்க வாசலும்தான் வேண்டும். இரண்டையும் ஒன்றாக விற்றதுதான் தவறு.

இனி, நம் ஊரில் யாரும் அதிகம் பேசாத விஷயத்துக்கு வருகிறேன்: அந்த நீரில் என்ன இருக்கிறது?

மழைநீர் சுத்தமானது என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போனது. வானத்திலிருந்து விழும்வரை ஓரளவு உண்மை. சாலையைத் தொட்டதும் அது பிரேக் கட்டை உதிர்த்த செம்பையும், தகரக் கூரையின் துத்தநாகத்தையும், டயர்த் தூளையும், சிந்திய டீசலையும், மாடு நாய்களின் கழிவையும் கழுவிக்கொண்டு போகிறது. நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையின் முதல் ஓட்டத்தில்தான் அழுக்கு மிக அதிகம். வடஅமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் முட்டையிட ஓடைக்குத் திரும்பும் கோஹோ சால்மன் மீன்கள், மழை பெய்த சில மணி நேரத்திலேயே செத்து மிதப்பது பல ஆண்டுகளாகப் புதிராக இருந்தது. 2020இல்தான் விடை கிடைத்தது. டயரில் விரிசல் விழாமலிருக்க ரப்பரில் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிவதால் உண்டாகும் நஞ்சு அது. இதில் நான் முக்கியமாக நினைப்பது வேறொரு சோதனை: நஞ்சின் பெயர் தெரிவதற்கு முன்பே, அதே சாலை நீரை மணலும் மட்கும் கலந்த படுகை வழியே கசியவிட்டபோது மீன்கள் பிழைத்திருந்தன.

அந்தப் படுகைதான் இன்று உலகெங்கும் மழைநீர்ச் சுத்திகரிப்பின் அடிப்படை அலகு. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரிலாந்தில், வீடுகளுக்கு முன் பள்ளம் எடுத்துச் செடி நட்டுத் தொடங்கியது. பின்னர் ஆஸ்திரேலியர்கள் அதை முறையாக வளர்த்தெடுத்தார்கள். சாலை மட்டத்திலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் தாழ்வான பள்ளம். அதற்கடியில் அரை மீட்டருக்குக் குறையாத மணற்பாங்கான மண், அதற்கும் கீழே ஜல்லிக்குள் ஓட்டை போட்ட குழாய். தெருநீர் பள்ளத்தில் நின்று மெல்ல இறங்குகிறது. வண்டல் மேலேயே படிகிறது, உலோகங்கள் மண்துகளில் ஒட்டிக்கொள்கின்றன, வேர்கள் மண் இறுகிவிடாமல் பார்த்துக்கொள்கின்றன. வண்டலும் உலோகமும் நன்றாகவே பிடிபடும். நைட்ரஜன் அவ்வளவு சுலபமாகப் பிடிபடாது. அதற்காக அடியில் எப்போதும் நீர் நிற்கும் ஒரு அடுக்கு வைக்கிறார்கள். மெல்பர்ன் அனுபவத்தில் நீர் வந்துசேரும் பரப்பில் சுமார் 2 சதவீதம் இதற்குப் போதும். ஒரு ஹெக்டேருக்கு, அதாவது நம் கணக்கில் 45 கிரவுண்டுக்கு, ஒரு கிரவுண்டுக்கும் குறைவான இடம். நம் மழையின் வேகத்துக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் சென்னை முழுக்க இதைத் தோண்டிவிடலாமே? அவசரப்படக் கூடாது. ஜனவரி முதல் மே வரை ஏறக்குறைய மழையே இல்லாத ஊர் இது. அந்தப் படுகையின் செடிகள் முதலில் வெயிலைத் தாண்ட வேண்டும். வெளிநாட்டு நாற்றங்காலிலிருந்து பட்டியல் எடுத்தால் கதைக்காகாது. வெட்டிவேர், கோரை போல ஈரத்தையும் வறட்சியையும் தாங்குபவை வேண்டும். அடுத்து, நவம்பரில் பல இடங்களில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். களிமண் உள்ள மேற்குப் பகுதிகளில் ஊறிப் போக வழியே இல்லை. அங்கே படுகையின் அடிக்குழாய் வேறொரு குளத்துக்கோ கால்வாய்க்கோ போக வேண்டும். மயிலாப்பூர், பெசன்ட் நகர் மணலில் அந்தக் கவலை குறைவு. மாநகராட்சி கட்டிவரும் ஸ்பாஞ்ச் பூங்காக்களைப் பார்க்கும்போது இந்த வேறுபாடு எவ்வளவு கணக்கில் வந்தது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.

பேவர் பிளாக்கும் நுண்துளைத் தளமும் இன்னொரு கதை. நம் ஊர்த் தூசியில் துளைகள் சீக்கிரமே அடைபடும். இயந்திரம் வைத்து உறிஞ்சிச் சுத்தம் செய்யும் வழக்கம் இல்லாத இடத்தில் நுண்துளைத் தளம் சில பருவத்திலேயே சாதாரணச் சிமெண்ட் தளமாகிவிடுகிறது.

உறைகிணறுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2003இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் முன்னோடியான சட்டம். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டபோது அதன் அருமை மறுபடி புரிந்தது. ஆனால் மாடி நீர் வேறு, சாலை நீர் வேறு. மாடி நீரை மணல் வடிகட்டி வழியே கிணற்றில் விடலாம். சாலை நீரை அப்படியே உறைகிணற்றில் இறக்குவது, டயர்த் தூளையும் எண்ணெயையும் நம் குடிநீருக்குள் நேராகக் குழாய் போட்டுச் செலுத்துவதுதான். தெருவோர உறைகிணறு வெட்டுவதாக இருந்தால் அதற்கு முன்னால் அந்த மண்படுகை கட்டாயம் வேண்டும்.

இத்தனைக்கும் குறுக்கே நிற்பது, எங்கள் தெரு வடிகாலில் மழையில்லாத நாளில் ஓடிய அந்த ஓர் அங்குலத் தண்ணீர். அது வீட்டுக் கழிவுநீர். பாதாளச் சாக்கடை இணைப்புக்குப் பணம் கட்ட மனமில்லாதவர்களும், இணைப்பே வந்துசேராத தெருக்காரர்களும் இரவோடு இரவாக மழைநீர் வடிகாலில் குழாயைச் சொருகிவிடுகிறார்கள். அது கூவத்துக்கும் சதுப்புநிலத்துக்கும் போகிறது. எவ்வளவு நல்ல மண்படுகையானாலும் தினசரி சாக்கடை விழுந்தால் சில மாதங்களில் அடைத்துக்கொள்ளும். ஆகவே நம் நகரங்களில் மழைநீர்ச் சுத்திகரிப்பின் முதல் படி செடியும் அல்ல, மணலும் அல்ல. யார் வீட்டுக் குழாய் எங்கே போகிறது என்று தெருத்தெருவாகப் பார்ப்பது. வறண்ட நாள் ஓட்டத்தை மட்டும் தடுத்துப் பாதாளச் சாக்கடைக்கு இறைத்து, மழை நாளில் வழிவிடும் இடைமறிப்பு அமைப்பு ஒரு தற்காலிக வழி. சென்னை லிட்டில் ஃபிளவர் கான்வென்ட் வளாகத்தில் செய்ததுபோல, கழிவுநீரையும் மழைநீரையும் தனித்தனியே வாங்கி, செடிப்படுகையில் தெளியவைத்து நிலத்துக்கு அனுப்புவது இன்னொன்று.

நீரின் தரத்தைக் கவனிக்காவிட்டால் என்னவாகும் என்பதற்கு 2023 டிசம்பரே சாட்சி. மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு வளாகத்திலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு சேர்ந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனது. மீனவர்கள் படகில் போய்க் கையால் மொண்டு டிரம்களில் ஊற்றினார்கள். கூழைக்கடாக்கள் கறுத்து நின்றன. அந்தத் தண்ணீர் வடிந்த வேகத்தில் யாருக்கும் குறை இருந்திருக்காது.

பொறுப்பு யாருடையது என்று கேட்டால் கை பல பக்கம் நீளும். தெரு வடிகால் மாநகராட்சிக்கு, பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்துக்கு, ஆறும் ஏரியும் நீர்வளத் துறைக்கு, பெரிய சாலையோரம் நெடுஞ்சாலைத் துறைக்கு. ஒரே மழைத்துளி தாம்பரத்திலிருந்து கடலுக்குப் போவதற்குள் நான்கு அலுவலகக் கோப்புகளில் ஏறி இறங்குகிறது. கட்டுவதற்குக் கடன் தர வங்கிகள் உண்டு. தூர்வார, செடி மாற்ற, படுகையின் மேல் மண்ணைச் சுரண்டி எடுக்க எந்த வங்கியும் கடன் தராது. கிண்டி குதிரைப் பந்தய நிலம் 2024இல் அரசின் கைக்கு வந்ததும் அங்கே குளங்கள் வெட்டியது எனக்குப் பிடித்த செய்தி. நகர நடுவில் தேங்குவதற்கென்றே ஓர் இடம் திரும்பக் கிடைத்த அபூர்வம். அவற்றில் பத்து ஆண்டு கழித்து வண்டல் எடுக்கப்போவது யார், எந்தப் பணத்தில் என்பதையும் இப்போதே எழுதிவைத்தால் நல்லது.

பணத்துக்கு வழி இல்லாமலில்லை. ஜெர்மனியின் பல நகரங்களில் கழிவுநீருக்கு ஒரு கட்டணம், மழைநீருக்குத் தனிக் கட்டணம். உங்கள் மனையில் நீர் இறங்காதபடி மூடிய பரப்பு எத்தனை சதுர மீட்டர் என்று பார்த்து வசூலிக்கிறார்கள். பிலடெல்பியாவிலும் அப்படித்தான், 2011இல் தொடங்கிய 25 ஆண்டுத் திட்டத்துக்கு அந்தக் கட்டணம் கைகொடுக்கிறது. பரப்பைக் குறைத்தால் கட்டணமும் குறையும் என்பதால் கடைக்காரர்கள் வண்டி நிறுத்துமிடத்தைத் தாங்களே உடைத்துச் செடி வைத்தார்கள்.

எங்கள் வீட்டுச் சொத்துவரி ரசீதை எடுத்துப் பார்த்தேன். கட்டடப் பரப்பு இருக்கிறது, தெரு இருக்கிறது, பயன்பாடு இருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் மதில் முதல் மதில் வரை கிரானைட் போட்டிருக்கிறார். எங்கள் பின்கட்டில் ஒரு தென்னையும் முருங்கையும் நிற்க, பத்தடிக்குப் பதினைந்தடி மண் கிடக்கிறது. அக்டோபரில் அவர் வீட்டுத் தண்ணீர் கேட்டுக்கு அடியில் புகுந்து தெருவுக்கு வருகிறது. எங்களுடையது தென்னைக்குப் போகிறது. இரண்டு ரசீதிலும் அதற்கென்று ஒரு வரி கிடையாது.